சவிரியும் மனைவியும்

கோயில் வளவுக்குள் இன்று பெயின்ற் மணம். கடலில் மாண்டவர்களுக்குக் கல் நட்டு, வெட்டிய எழுத்துகளுக்குக் கறுப்புப் பூசியிருக்கிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை, கல்லுக்கு மட்டும் என்ன அவசரமோ. இந்தியாவுக்குப் போகையில் வள்ளம் கவிழ்ந்து போன உன்னையும் உன் கணவனையும் கடைசி வரியில் கண்டேன். ‘சவிரியும் மனைவியும்.’ திரும்பவும் மேலிருந்து வாசித்துப் பார்த்தேனடி. உன் பெயர் எங்குமில்லை.

அரிப்புக் கடற்கரையில் இடிந்து கிடக்கும் மாளிகைப் பக்கம் விறகு பொறுக்கப் போவோமே, நினைவிருக்கிறதா? ஊர் முழுக்க அதை அல்லிராணி கோட்டை என்கிறது. அங்கே நட்டிருந்த பலகையிலோ, முத்துக் குளிப்பைப் பார்க்க வந்த வெள்ளைக்காரத் துரை கட்டியது என்று எழுதியிருந்தது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

“ராணிக்கே இந்தக் கதியெண்டா, எங்களை ஆரடி கணக்கெடுக்கப் போகினம்?”

பிறகு உன் பாட்டன் காலத்து வழக்கத்தைச் சொன்னாய். முத்துக் குளிக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிப்பானாம். கூடப் பிறந்தவளை விதவையாக்க அவனுக்கு மனம் வராது என்ற நம்பிக்கை. “இறங்கினவன்ர உயிர் பெண்சாதியை நம்பித்தான் தொங்கினது. அவளின்ர பேரை எங்கையாவது எழுதி வைச்சிருக்கினமே?” என்று கேட்டாய். விறகைக் கட்டிக்கொண்டு நடந்தோம்.

இன்று கோயில் மூப்பரிடம் போனேன்.

“மூப்பர், அவளுக்கு ஒரு பேர் இருக்கு.”

“ஓம் பிள்ளை, ஆர் இல்லையெண்டது? சவிரியின்ர பெண்சாதி எண்டா ஊருக்கே தெரியுமே.”

“ஊர் எங்க மூப்பர் இருக்கு? பாதி முகாமில, பாதி இந்தியாவில.”

அவர் கல்லைத் தடவிப் பார்த்தார். “இனி வெட்ட இடமில்லைப் பிள்ளை.”

அந்த வரிக்குக் கீழே ஒரு சாண் வெறுங்கல் கிடந்தது. அதில் பூ செதுக்கப் போகிறார்களாம். எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. அவர் நல்ல மனிதர்தான், நான் ஏன் அழுகிறேன் என்றுகூட அவருக்கு விளங்கவில்லை.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு எல்லோரும் அந்தக் கல்லடியில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நானும் போவேன். உன் பெயரை உரத்துச் சொல்லித்தான் கொளுத்துவேன், யார் திரும்பிப் பார்த்தாலும் சரி. எனக்குப் பிறகு அதைச் சொல்ல யார் இருக்கப் போகிறார்கள் என்றுதான் தெரியவில்லை, பிலோமினா.