பிறந்தநாள் பிரியாணி

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எழுதல. நியாலாஸ் தோட்டத்துல எங்க வீட்டை இடிச்சப்ப, கிளேபாங்ல உன் வீட்டு ஸ்டோர் ரூம்ல ரெண்டு வாரம் படுக்கக் கேட்டேன். இடமில்லைன்னு சொன்ன. அதான் நானும் பிள்ளைங்களும் வீடில்லாத பொம்பளைங்க காப்பகத்துல கிடக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை உன் மக பிறந்தநாளுக்கு இங்கேயே வந்து பிரியாணி போட்ட. என் முகத்தைப் பார்க்காமலே தட்டுல வச்ச. என் சின்னவ “பெரியம்மா”ன்னு ஓடி வந்து உன் சேலையைப் பிடிச்சா. போட்டோ எடுத்தவர்கிட்ட நீ சிரிச்சுக்கிட்டே, “இங்க உள்ள பிள்ளைங்க யார் வந்தாலும் அப்படித்தான் கூப்பிடும்லா”ன்னு சொன்ன.

அந்தச் சோத்தையும் தின்னேன். பசி.

அடுத்த மாசம் எங்களுக்கு ஃபிளாட் கிடைக்குது. விலாசம் கேட்டு வராதே. எங்கயாவது பார்த்தாலும் பயப்படாதே. சின்னவளுக்குச் சொல்லிக் கொடுத்துட்டேன், இனிமே உன்னை ஆன்ட்டின்னுதான் கூப்பிடுவா.

உன் பிரியாணி வரிசையில் நின்றவள்