சைக்கிளில் பூசிய நெயில் பாலிஷ்

அன்பு மகள் கெசியாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் அம்மாவும் நானும் இரும்புலியூரில் சுகமாக இருக்கிறோம், நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் காலை ஜெபம், ராத்திரி ஜெபம் எல்லாம். அம்மாவுக்கு பிரஷர் மட்டும் அவள் கோபத்தைப் போலவே ஏறி இறங்குகிறது, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாள். டப்ளினில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து இங்கே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து உனக்காக நடுங்கிக்கொண்டிருக்கிறாள். வாட்ஸ்அப் இருக்க அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். ஃபோனில் இதை ஆரம்பித்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அம்மா வேறு பக்கத்தில் நின்று என்னவாம் என்னவாம் என்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கார்பன் சைக்கிளை சித்தி மகன் ஃபிரெடிக்குக் கொடுத்துவிடச் சொன்னாய் அல்லவா. நீ போனதிலிருந்து அது மாடிப்படிக்குக் கீழே சுவரை ஒட்டியே நிற்கிறது. மேல் குழாயில் நீ ஒட்டின ஸ்டிக்கர் ஓரம் கிளம்பி, அதைச் சுற்றி கிளியர் கோட், அதுதான் மேலே பூசுகிற அந்த நிறமில்லாத பளபளப்பு, வெளுத்து உரிய ஆரம்பித்திருந்தது. மறைமலை நகரில் கார் கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் காலமெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் வீட்டிலிருந்து ஒரு வண்டி இந்தக் கோலத்திலா வெளியே போவது என்று நானே சரிசெய்ய உட்கார்ந்தேன். கார் பாடி என்றால் தேய்த்து, பூசி, ஓவனில் விட்டு எடுத்துவிடலாம். கார்பனுக்குச் சூடு ஆகாது, முரட்டுத்தனமும் ஆகாது. வாட்டர் பேப்பர் என்கிற நைசான உப்புத்தாளை நனைத்து, குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரி தேய்க்க வேண்டும், வழிகிற தண்ணீர் வெள்ளையாக இருக்கிற வரைக்கும் பயமில்லை, கறுத்துவிட்டால் கார்பனிலேயே கை வைத்துவிட்டோம் என்று அர்த்தம். அதற்கு முன்னால் அம்மாவின் ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் பூச்சு மேடும் பள்ளமுமாக மஞ்சளித்துக் கிடந்தது. ஸ்டிக்கர் பசையை எடுக்க ரிமூவர் தொட்டு வைத்த பஞ்சில் அதுவும் கரைந்து வந்துவிட்டது. நெயில் பாலிஷ். அதற்குக் கீழே நீலமாக ஒரு தீற்றல், உன் சைக்கிளில் எங்கேயும் இல்லாத நீலம், வேறு ஏதோ வண்டியின் பெயிண்ட். சுவர்ப்பக்கம் இருந்த வலது புறத்தைத் திருப்பினேன், ஹேண்டில் நுனியிலிருந்து பின் சக்கரம் வரைக்கும் ஒரே திசையில் கீறல், எல்லாவற்றின் மேலும் நெயில் பாலிஷ். நிற்கிற வண்டி சாய்ந்தால் இப்படி விழாது பாப்பா, ஓடுகிற வண்டியை எவனோ இடித்து அது ரோட்டில் உரசிக்கொண்டே போனால்தான் இப்படி விழும். நாணயத்தால் குழாயெல்லாம் தட்டிப் பார்த்தேன், எங்கேயும் சத்தம் மாறவில்லை, விரிசல் இல்லை. அப்பாடா, வண்டிக்கு ஒன்றுமில்லை என்று மூச்சு விட்டேன். விட்ட பிறகுதான் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது.

அன்றைக்கும் இதைத்தானே செய்தேன். நீ ஊருக்குக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு சனிக்கிழமை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாய், செயின் கழன்றுவிட்டது என்றாய். நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே என்று கேட்டேன். ஒண்ணும் ஆகலப்பா என்று சொல்லி உள்ளே போய்விட்டாய். வாங்கின அன்றே, இதில் ஒரு கீறல் விழட்டும், அப்புறம் இருக்கு உனக்கு என்று மிரட்டினவன் நான்தான். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று இப்போது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் என் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா. அடுத்த வாரம் நம் சர்ச் சினேகா கல்யாணத்துக்கு அந்த வெயிலில் முழுக்கை போட்டுக்கொண்டு வந்தாய். பிரியாணியை இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டாய். பிளேன் ஏறுறதுக்கு முன்னாடியே துரைசாணி ஆயிட்டா பாருங்க என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நீயும்தான் சிரித்தாய். வலது கையைத் தூக்க முடியாமல் இருந்த பிள்ளையை ஊர் சிரிக்க வைத்திருக்கிறேன். கார் கதவில் கடுகளவு புள்ளி இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன், எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மகளைப் பார்க்கவில்லை. சோறு இறங்கவில்லை கெசியா, அம்மா வெயில் என்று நினைத்து மோர் கலக்கிக் கொடுக்கிறாள்.

மறைத்தாய் என்று உன்மேல் கோபம் இல்லை, அப்படி நினைத்துவிடாதே. எனக்கு இப்போது இருப்பது பயம்தான். அங்கேயும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாய், மழை என்கிறாய், ரோடு வழுக்கும் என்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மட்டும் நல்லா இருக்கேன்பா என்று ஒரே பதில். அந்தப் பதிலை உனக்குப் பழக்கிவிட்டவன் நான். இனிமேல் விழுந்தால் சொல்லு. வேலையில் சங்கடம் என்றாலும், காய்ச்சல் என்றாலும் சொல்லு. யார் மேல் தப்பு, எவ்வளவு நஷ்டம் என்று கேட்க மாட்டேன், பழக்க தோஷத்தில் வாய் அப்படிப் போனால் ஃபோனை வைத்துவிடு, நானே திரும்பக் கூப்பிடுகிறேன்.

கிளியரை மெல்லிசாகப் பூசிப் பூசிக் காயவிட்டு ஃபிரெடியிடம் கொடுத்துவிட்டேன். அடிபட்ட வண்டி, ஓட்டுவதற்கு முன்னால் கடையில் ஒருதரம் காட்டு என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவன் கீறலைத் தேடிப் பார்த்துவிட்டு, பெரியப்பா சூப்பர், எங்கன்னே தெரியல என்றான். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நானே சொல்கிறேன், கல்யாணப் பந்தியில் நான் பேசினதையும் சேர்த்துத்தான் சொல்வேன்.

ஆண்டவர் நீ போகிற ரோட்டிலெல்லாம் உனக்கு முன்னால் போகட்டும். ஹெல்மெட் மறக்காதே, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, இது அம்மா சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
உன் அப்பா,
ஏசுதாசன்

பி.கு: அன்றைக்குக் கேட்காமல் விட்டதைக் கேட்கிறேன். உனக்கு எங்கே அடிபட்டது? இன்னும் வலிக்கிறதா பாப்பா?