மதினி, அந்த லூப்பின் பூக்கவில்லை

மதினி,

இன்று காலை அண்ணன் கூடத்தைத் துடைக்கிறேன் என்று வாளியில் பினாயிலைக் கவிழ்த்துவிட்டார். சொன்னால் கேட்கவா போகிறார்? அந்த வாடை மூக்கில் ஏறியதும் குடித்த காப்பி தொண்டைக்கு வந்துவிட்டது. பின்வாசலுக்கு ஓடினேன். அங்கே தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உங்கள் லூப்பின் செடி நின்ற பூச்சட்டி மண்ணோடு அப்படியே இருக்கிறது. ஒரு வருடமாகச் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் கொடைக்கானலுக்குப் போன இடத்தில் வாங்கிவந்த விதை அது. மலைக்குளிரில் கதிர் கதிராகப் பூக்கிற செடி, திண்டுக்கல் வெயிலில் எங்கே பிழைக்கும் என்று நான் சிரித்தேன். நீங்கள் பொட்டலத்தின் மேலிருந்த படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பூவப் பாருத்தா, நம்ம அவரைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அக்கா பொழைக்கிற ஊருல தங்கச்சி பொழைக்க மாட்டாளா?" என்றீர்கள். அகரத்து அவரைத் தோட்டத்தில் வளர்ந்தவர், உங்களிடம் வாதாட முடியுமா? விதையை இரவெல்லாம் தம்ளரில் ஊறவைத்து, கார்த்திகையில் ஊன்றினீர்கள். ஐந்து முளைத்து நாலு வதங்கிப் போயின. ஒன்று மட்டும் விரித்த உள்ளங்கை போல இலைவிட்டு, ஒவ்வொரு இலையின் நடுவிலும் பனித்துளியை ஏந்திக்கொண்டு நின்றது. மாசி பிறந்ததும் மொட்டுக்கதிர் தலைநீட்டியது.

உறவு என்றால் அவரையின் சீக்கும் கூடவே வரத்தானே செய்யும்? பக்கத்து அவரைப் பந்தலிலிருந்து அசுவினி இறங்கி வந்தது. எள்ளை அப்பியது போலக் கதிர் முழுக்கக் கறுப்புப் பூச்சி, பிசுபிசுவென்று, அதைச் சுற்றி எறும்பு வேறு. எனக்குப் பார்த்தாலே உடம்பு கூசும். நீங்களோ கதிரை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, அடியிலிருந்து நுனிவரை ஒரே உருவாக உருவுவீர்கள். நசுங்கிய சாற்றைச் சுங்குடிச் சேலையின் இடுப்பில் துடைத்துக்கொண்டு, "செத்த நேரம் இரு, சோறு போடுறேன்" என்பீர்கள்.

"சீச்சீ, கைய நல்லாக் கழுவுங்க மதினி" என்று கத்துவேன். எத்தனை நாள் சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறேன்!

பிறகு உங்கள் காலில் சர்க்கரைப் புண் வந்தது. அதை எழுதவே கை கூசுகிறது. கட்டைப் பிரிக்கும்போது வந்த வாடைக்கு நான் அறையை விட்டு ஓடினேன். வாழப்போன வீட்டிலிருந்து திரும்பி வந்த என்னை, ஒரு சொல் சொல்லாமல் இருபது வருடம் வைத்துக்கொண்டவர் நீங்கள். உங்கள் புண்ணுக்கு ஒரு துணி மாற்ற என்னால் முடியவில்லை. மதுரை ஆஸ்பத்திரிக்கு அண்ணன்தான் உடன் வந்தார். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்று சொல்லி நான் இங்கேயே தங்கிக்கொண்டேன். அந்தச் சாக்கை நினைத்தால் என் முகத்திலேயே காறித் துப்பலாம் போலிருக்கிறது.

அங்கிருந்தும் உங்களுக்குச் செடி நினைப்புதான். "மருந்து கிருந்து அடிச்சிராத, மொட்டு தாங்காது. வெரலால உருவிவிட்டாப் போதும்" என்று போனில் சொன்னீர்கள். சரி என்றேன். கதிர்ப் பக்கம் விரலைக் கொண்டுபோகத்தான் செய்தேன், மதினி. ஒரு பூச்சி நகத்தில் ஏறியது. ஓங்கரித்துக்கொண்டு உள்ளே போய், தரை துடைக்கிற பினாயிலைத் தண்ணீரில் கலந்து கொண்டுவந்து தலையோடு ஊற்றினேன். பூச்சி செத்தது. மறுநாள் உச்சி வெயிலுக்குள் கதிரும் கருகித் தொங்கியது.

அன்று சாயங்காலமே கேட்டீர்கள். "பூத்துச்சா?"

"பூத்துருச்சு மதினி."

"என்ன கலரு?"

"ஊதா."

  "ஒனக்கு அம்புட்டு அருவருப்பாச்சே! எனக்காகக் கைய வச்சுட்டியேத்தா. அப்ப இனி எம் புண்ணுக்கும் நீயே துணி மாத்திருவ. டாக்டர்ட்ட சொல்லிட்டு வீட்டுக்கே வாரேன்."

"வாங்க மதினி" என்றேன். சொல்லும்போதே அந்தப் புண் வாடை மூக்கில் அடித்தது.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் அழுதுகொண்டே போன் செய்தார், நீங்கள் போய்விட்டீர்கள் என்று. எனக்கு முதலில் வந்தது நிம்மதி, மதினி. இனி அந்தக் கட்டைப் பிரிக்க வேண்டாம் என்ற நிம்மதி. ஒரு மூச்சு விடும் நேரம்தான் இருந்தது. பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன், தெருவே பார்த்தது. நாத்தனாருக்கு இப்படி ஒரு பாசமா என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஒரு மூச்சை நான் மட்டும்தான் அறிவேன். அசுவினியும் புண்ணும்கூட என்னை அப்படிக் குமட்டவைத்ததில்லை.

பந்தலில் மறுபடி அவரை பூத்திருக்கிறது, கொத்துக்கொத்தாக அசுவினியும் வந்திருக்கிறது. தினமும் வெறும் விரலால் உருவிவிடுகிறேன். பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. இன்றும் ஓங்கரித்தேன். கையைக் கழுவாமலே வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் பழுப்பாக ஒட்டியிருப்பது அதுதான்.