அப்பாவுக்குப் பனி

தாரிணியின் அப்பாவுக்கு,

ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்கான நேர்காணல் நேற்று நடந்தது. உங்கள் பிறந்தநாள் வாழ்த்தில் அவள் தமிழை மலையாள எழுத்தில் எழுதியிருந்தாளே, அதைப் பார்த்துத்தான் இந்தப் பள்ளிக்கு விண்ணப்பித்தேன். அங்கே விளையாட்டு மைதானத்தில்கூடத் தமிழ் மட்டும்தான் பேச வேண்டும்.

இங்கே கொச்சி மட்டாஞ்சேரியில் நம்மைத் தமிழர் என்கிறார்கள். நேர்காணல் நடத்திய திருநெல்வேலி ஆசிரியையோ, நான் வாய் திறந்ததுமே, "நீங்க மலையாளமா?" என்று கேட்டார். இத்தனை வருடம் படித்த தமிழ்ப் புத்தகங்களை அவர் மேசையில் அடுக்கிக் காட்டவா முடியும்?

பெற்றோர் இருவரும் வர வேண்டும் என்பது விதி. உங்களுக்கு இரண்டு முறை செய்தி அனுப்பியிருந்தேன்.

"அப்பா வரலையாம்மா?" என்று ஆசிரியை தாரிணியிடம் கேட்டார்.

"அப்பாவுக்குப் பனி, டீச்சர்."

"கொச்சியில ஏதும்மா பனி? உங்கப்பா ஊட்டியிலயா இருக்காரு?"

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்குக் காரணம் புரியவில்லை. மலையாளத்துப் பனி தமிழில் காய்ச்சல் என்று நான் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்தப் பொய்யையும் நான் சொல்லித் தரவில்லை.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் வந்தால் மறுபடி பார்ப்பார்களாம். இல்லையென்றால் இடம் இல்லை. நீங்கள் இருக்கும் இடப்பள்ளியிலிருந்து ஒரு மணி நேரம்தான்.

காய்ச்சல் என்று இப்போது பிழையில்லாமல் சொல்கிறாள். அந்தச் சொல் சனிக்கிழமை அவளுக்குத் தேவைப்படாமல் இருக்கட்டும்.

பள்ளி வாசலில் நிற்கப்போகும்,
அவள் அம்மா