வீங்கிய கரு

செவ்வாய், 11
கச்சான் காற்று. குடை முறிந்தது.
இங்கே மண்டைதீவில் சூசை அண்ணையின் இறால் குளத்தில் இறால்கள் சாகின்றன. ஓடுகளில் வெள்ளைப் புள்ளி. கம்பஸ் ஆய்வுகூடத்துக்கு ஐந்து இறால் வாங்கிவரும்படி அப்பாவிடம் சொன்னேன். அவர் ஐஸ் உடைத்து, உப்புப் போட்டு, சந்தைக்குக் கொண்டுபோவதுபோல் இறுகப் பொதிந்து தந்தார். "ஒரு மணமும் வராது, பாரன்." வரவில்லைதான். எல்லாம் கல். உறைந்ததில் உயிர்க்கலங்கள் வெடித்து, நுணுக்குக்காட்டியில் வெறும் சேறு.
பின்னேரம் அப்பா: "நல்லாயிருந்ததோ?"
"ஓம்."

புதன், 12
வெயில். பதனத் திரவப் போத்தலுடன் நானே குளத்துக்கு. சூசை அண்ணையிடம் சொல்ல வேண்டியதைச் சைக்கிளில் மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்.
சூசை அண்ணை: "கம்பஸ் பெட்டைக்கு இறாலோட என்ன கதை? நாளையிண்டைக்கு, வெள்ளிக்கிழமை, மதகைத் திறந்து தண்ணியைக் கடலுக்கு விடப்போறன். அதோட சரி."
அந்தக் கடலில்தான் அப்பாவின் சிறகுவலை. அதுவும் இறாலுக்கு. சொல்லிப் பார்த்ததை விட்டு, மூன்று இறால் மட்டும் கேட்டேன்.
உயிரோடு தள்ளாடிய மூன்றின் செவுளை வெட்டிப் போத்தலில் போட்டேன்.

வியாழன், 13
கண்டேன்!!
நுணுக்குக்காட்டியின் கீழ், சாயமிட்ட கண்ணாடி வழுக்கியில் செவுள். நல்ல கலத்தின் கரு கடுகு என்றால் இது கடலை. மரபணு தாங்கும் நிறமூர்த்தமெல்லாம் ஓரத்துக்குத் தள்ளுண்டு மெல்லிய வளையமாக. நடுவில் முழுக்க வைரஸ். கருவின் சொந்தத் துளைகளால் உள்ளே போய், இறால் தன் மரபணுவை வாசிக்க வைத்திருக்கும் இயந்திரத்தையே தனக்காக ஓட்டுகிறது. பரீட்சைக்கு மனனம் செய்ததுதான். கண்ணால் கண்டது இன்று.
கத்திவிட்டேன் போல. பக்கத்து மேசை நிசா: "என்னடி, பாம்போ?"
சந்தோஷப்படலாமா? அங்கே குளம் சாகிறது. ஆனாலும் சந்தோஷம்.
விரிவுரையாளர் மிஸ் வந்து நுணுக்குக்காட்டியில் நெடுநேரம் பார்த்தார். "வெண்புள்ளி வைரஸ்தான் போல. மரபணுச் சோதனைக்கும் அனுப்புவம். அதுவரைக்கும் தண்ணி வெளியிலை போகக்கூடாது."
"நீங்கள் சொல்லுங்கோ மிஸ்."
"கண்டது நீர், பிள்ளை. நீரே போய்ச் சொல்லும்."

வெள்ளி, 14
ஆறு மணிக்கே மதகடி. அண்ணையின் கை மதகுப் பலகையில்.
"அண்ணை, திறக்காதேங்கோ!"
போனில் நேற்றைய வழுக்கியின் படம். கரு, வளையம், வைரஸ், கடல் இறால், நண்டு, அப்பாவின் வலை, எல்லாம் ஒரே மூச்சில்.
"ஒண்டும் விளங்கேல்லை."
மெதுவாகத் திரும்பச் சொன்னேன். குளோரின் போட்டு வைரஸைக் கொன்ற பிறகுதான் தண்ணீரை விடலாம் என்றும்.
"இது என்ரை இறாலின்ரை படமோ?"
"ஓம்."
போனை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு காலால் பலகையை மிதித்து இறுக்கினார்.
"குளோரின் எவ்வளவு போடவேணும்? சொல்லும்."