நிற்காத வண்டிக் கணக்கு

ஜனவரி 9

பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்து, வேனைக்கூடக் கழுவாமல் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நகர ரயில் ஓட்டுநர் தேர்வு மார்ச்சில். இந்த வருடத்தோடு எனக்கு வயது தாண்டிவிடும்; இதை விட்டால் ஆயுசுக்கும் பள்ளி வேன்தான். மற்ற பாடங்களைத் தட்டுத்தடுமாறிப் படித்துவிடலாம். இயற்பியல்தான் உதைக்கிறது.

முதல் கேள்வி: ஒரு கார் மணிக்கு அறுபது கிலோமீட்டர் என்ற சீரான வேகத்தில் செல்கிறது. நூற்றைம்பது கிலோமீட்டர் கடக்க எவ்வளவு நேரம்? மூன்று மணி நேரம் என்று எழுதினேன். விடைப் பக்கத்தில் இரண்டரை என்று இருக்கிறது. அச்சுப் பிழையாக இருக்கும்.

ஜனவரி 10

அச்சுப் பிழை இல்லையாம். கொழுந்தன் சொன்னான். பொறியியல் படித்தவன். எழுதிய தேர்வெல்லாம் ஊத்திக்கொண்டதால், இனி எந்தத் தேர்வும் வேண்டாம் என்று கூடத்து மின்விசிறிக்குக் கீழே படுத்தே கிடக்கிறான். அதிகப்படி அரை மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டான். வழியில் ரயில்வே கேட் போட்டிருக்க மாட்டார்களா, டயருக்குக் காற்று பார்க்க வேண்டாமா, ஒரு டீ குடிக்க வேண்டாமா என்றேன். புரண்டு புரண்டு சிரித்தான்.

“அண்ணி, இந்தக் காருக்கு டிரைவரே கிடையாது. இது கிளம்பறதும் இல்ல, நிக்கறதும் இல்ல. போயிட்டே இருக்கு, அவ்ளோதான்.”

டிரைவர் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள், டிரைவரே இல்லாத காரைப் பற்றி எதற்குக் கேட்கிறார்கள்? வாயில் வந்தது. அடக்கிக்கொண்டேன். பாடம் சொல்லித் தருகிறவனைப் பகைத்துக்கொள்ளக் கூடாது.

ஜனவரி 23

இப்போது தினமும் பதினோரு மணிக்கு வகுப்பு. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்காருவதைப் பார்த்தால் பெரிய கல்லூரி முதல்வர் என்று தோன்றும். வாத்தியார் என்றே கூப்பிடுகிறேன். உள்ளுக்குள் அவனுக்குப் பெருமைதான்.

இன்று பாலத்தைக் கடக்கும் ரயில். பாலத்தின் நீளத்தோடு ரயிலின் நீளத்தையும் கூட்ட வேண்டும். சரி. அப்படியானால் காருக்கு மட்டும் ஏன் நீளத்தைக் கூட்டவில்லை? காரை ஒரு புள்ளி என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். பதினெட்டுப் பிள்ளைகள், அத்தனை பை, தண்ணீர்ப் பாட்டில், அதில் இரண்டு பேருக்கு வாந்தி — என் வேன் ஒரு புள்ளியா?

பிப்ரவரி 4

இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன, எப்போது சந்திக்கும் என்று கேள்வி. ஒரே தண்டவாளமா என்று கேட்டேன். வாத்தியார் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு இருவரும் சேர்ந்தே போட்டோம். விடை சரி.

பிப்ரவரி 12

வகுப்பு இல்லை. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். நடுப்பகலில் கூட்டிவரப் போனேன்.

பிப்ரவரி 20

போகும்போது நாற்பது, திரும்பும்போது அறுபது. சராசரி வேகம்? ஐம்பது என்றேன். நாற்பத்தெட்டு என்றான். மெதுவாகப் போகும்போது அதிக நேரம் ஆகிறது, அதனால் சராசரி சரிபாதியில் வராது என்று படம் போட்டுக் காட்டினான். பளிச்சென்று புரிந்தது. இந்த வயதில் ஒன்று புரிவது எவ்வளவு சுகமாக இருக்கிறது!

தேர்வில் நான்கு விடை கொடுப்பார்கள். அதில் ஐம்பது நிச்சயம் இருக்கும், அது பொறி, கால் வைக்காதீர்கள் என்றான். அதோடு வழக்கமான பாட்டு: கேட்டை மறந்துடுங்க, டீயை மறந்துடுங்க, ரோட்டையே மறந்துடுங்க.

மார்ச் 1

மாதிரித் தேர்வில் ஒரு வண்டியைக்கூட வழியில் நிறுத்தவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அச்சகத்திலிருந்து மை அப்பிய கையோடு வந்தவர், இனி உன் வேனில் பிள்ளைகளை நம்பி அனுப்பலாமா என்றார்.

மார்ச் 9

தேர்வு முடிந்தது. நன்றாகத்தான் எழுதினேன். கடைசிப் பக்கத்தில் அதே நாற்பது–அறுபது கணக்கு வந்தது. ஐம்பது என்ற விடையும் இருந்தது. மனதுக்குள் சிரித்துக்கொண்டு நாற்பத்தெட்டைக் குறித்தேன். வாத்தியாரிடம் சொல்லலாம் என்று வந்தால் ஆளைக் காணோம். நண்பனைப் பார்க்கப் போனானாம். சாயங்காலம்தான் வந்தான், முகம் வெளுத்துப்போய்.

மார்ச் 10

காலையில் கேட் போட்டிருந்தார்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது சுரீர் என்றது. அந்தக் கேள்வியில் பேருந்து நடுவில் அரை மணி நேரம் நின்றது! அறுபது கிலோமீட்டர் நாற்பதில், அரை மணி நேரம் நிறுத்தம், பிறகு அறுபது கிலோமீட்டர் அறுபதில். மொத்தம் மூன்று மணி. சராசரி நாற்பது. அந்த அரை மணி நேரத்தைப் படித்தேனே. படித்துவிட்டு, ரோட்டை மற என்று நானே அடித்துத் தள்ளினேனே.

வாழ்நாள் முழுக்க நிற்காத வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தவள், நின்ற வண்டியை ஓட்டிவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

ஏப்ரல் 28

முடிவு வந்தது. தேர்வானவர்கள் பட்டியல் எனக்கு ஒரு மதிப்பெண் மேலே முடிந்துவிட்டது. வேறு தப்புகளும் செய்திருக்கிறேன். ஆனால் அந்த ஒன்று மட்டும் கையில் இருந்ததை நானே கீழே போட்டது.

கொழுந்தன் சமையலறை வாசலில் வந்து நின்றான். தானும் அதே தேர்வை எழுதியதாகவும், தேறிவிட்டதாகவும் சொன்னான். எனக்குச் சொல்லித்தரச் சொல்லித்தர ஆசை வந்ததாம். ஏன் மறைத்தாய் என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா நீங்க எனக்காக விட்டுக்கொடுத்திருப்பீங்க அண்ணி.”

விட்டுக்கொடுத்திருப்பேனா? மாட்டேன். சத்தியமாக மாட்டேன். அது அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பேருந்துக் கேள்விக்கு என்ன போட்டாய் என்று மட்டும் கேட்டேன். நாற்பது என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

ஏப்ரல் 29

அழுதேன். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. எனக்கு ரோட்டை மறக்கச் சொல்லிவிட்டு அவன் மட்டும் ஞாபகம் வச்சிருக்கான்.

மே 6

அவன் எழுதாமல் இருந்திருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. என் மதிப்பெண்ணில் எத்தனை பேரோ. புத்திக்குத் தெரிகிறது. சாப்பாடு போடும்போது தட்டு மட்டும் தானாகவே டங்கென்று விழுகிறது.

ஜூன் 2

பயிற்சிக்குக் கிளம்பினான். வேனில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, வேளாவேளைக்குச் சாப்பிடு என்றேன். மனதார வந்தது அது ஒன்றுதான்.

அக்டோபர் 19

வீட்டுக்காரரோடு அவன் ஓட்டும் ரயிலில் போனேன். டிக்கெட் எடுத்துத்தான். முதல் பெட்டியில், அவன் அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். நிலையத்துக்கு நிலையம் கிளம்புவதும் நிற்பதும் அலுங்காமல் இருந்தது. நல்ல ஓட்டுநர். நானும் நன்றாகத்தான் ஓட்டியிருப்பேன்.

நவம்பர் 3

நகரப் பேருந்துக்கு ஆள் எடுக்கிறார்கள். வயது வரம்பு நாற்பது; எனக்கு இன்னும் தாண்டவில்லை. தேர்வு உண்டு, பாடமும் ஏறக்குறைய அதேதான்.

இன்று அவனுக்கு வார விடுமுறை. சீருடையைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு, வழக்கம்போல் என் கண்ணில் படாமல் வெளியே கிளம்பினான். கூப்பிட்டேன்.

“வேலை கெடைச்சா மட்டும் போதுமா? வாத்தியார் வேலைய யார் பாக்கறது? உக்காரு.”

செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். முதல் கணக்கை நானே போட்டேன். அவன் பார்ப்பதற்குள் நானே இன்னொரு முறை கேள்வியைப் படித்தேன். கடைசி வார்த்தை வரைக்கும்.