நாற்பத்தொன்பது கிலோ

ஜனவரி 5, ஞாயிறு

பெசன்ட் நகர் கடலில் இன்றும் தோல்வி. எங்கள் பாய்ப்படகுக் குழுவில் ஒரு விதி: கவிழ்ந்த கேட்டமரானை, அதாவது இரட்டை மிதவைப் படகை, ஒற்றை ஆளாக நிமிர்த்தத் தெரியாதவர் தனியாகப் போகக் கூடாது. முன்பெல்லாம் நானும் இவரும் சேர்ந்தே போவோம். ஆகஸ்டில் கவிழ்ந்தபோது இவர் பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டார். அரை நிமிஷம்தான். அதன் பிறகு தண்ணீரில் கால் வைக்கவே இல்லை. பிப்ரவரி 2 எனக்குத் தேர்வு. தேறாவிட்டால் படகை விற்றுவிடுவதாகப் பேச்சு.

கவிழ்ந்த படகு ஒருக்களித்துக் கிடக்கும், ஒரு மிதவையின் மேல் இன்னொன்றாக. கீழ் மிதவையில் நின்று, மேல் மிதவையைச் சுற்றி வரும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய வேண்டும். நானோ கிணற்று வாளியை இழுப்பதுபோல் கையால் இழுத்துக்கொண்டிருந்தேன். மீட்புப் படகிலிருந்து அம்மாசி, ஊரூர் குப்பத்துக்காரர், "இன்னா டீச்சர், மேல நின்னுக்கினு படகுக்குப் பாடம் எடுக்கிறியா?" என்றார்.

ஜனவரி 12

பலகைபோல் விறைப்பாகச் சாய்ந்தேன். அசையவில்லை. பாய்க்கயிற்றை அவிழ்த்து விடவே இல்லை! பாய் தண்ணீரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. கேள்வியை முழுக்கப் படிக்காமல் எழுதுகிறாயே என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்?

ஜனவரி 14

பொங்கல். தோள் வலி.

ஜனவரி 19

கயிற்றை அவிழ்த்தேன். பாய்மரத்தின் நுனியைக் காற்று வரும் பக்கம் திருப்பினேன், பாய்க்கு அடியில் காற்று புகுந்து தூக்கட்டும் என்று. ஒரு முழம் எழுந்தது, திரும்பப் படுத்துவிட்டது.

"எல்லாம் கரெக்டாத்தான் கீது. வெயிட்டு பத்தல. நல்லா துன்னுட்டு வாம்மா" என்றார் அம்மாசி.

நாற்பத்தொன்பது கிலோ. இரண்டு வாரத்தில் எங்கே போவேன் எடைக்கு? வீட்டில் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. படகை விற்கச் சொன்னால் விற்றுவிடுவேனா நான்? மாட்டேன். மனசு வராது.

ஜனவரி 21

இவர் தன் தி. நகர் ஜவுளிக்கடையை விற்றபோது வீட்டுக்கு வந்த தையல் மெஷின் இன்று ஓடியது. தார்ப்பாயில் கட்டைப்பை மாதிரி ஒன்று, தோளில் மாட்டப் பட்டையோடு. போனில் ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

"இருபது லிட்டர் பிடிக்கும். தண்ணிய மொண்டு மாட்டிக்கிட்டு சாயி. நான் வராத எடைக்கு இது."

தண்ணீருக்குள் இருக்கும்வரை பை கனக்காது, வாளி மாதிரி, வெளியே வந்தால்தான் கனம் என்று விளக்கினேன்.

"அது தெரியாமலா தச்சேன்?"

பிப்ரவரி 2

அவிழ்த்தேன். திருப்பினேன். பையை மொண்டு மாட்டிக்கொண்டு சாய்ந்தேன். தையல் முனகியது, விடவில்லை. பாய்மரம் மெதுவாக எழுந்தது, பிறகு சட்டென்று. உடனே தண்ணீரில் விழுந்து குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் கவிழ்ந்திருக்கும். நான்கு நிமிஷம். தேறிவிட்டேன்.

அம்மாசி கரையைக் காட்டினார். "அங்க பாரு, கனகராஜ் சாரு."

இவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தார். பேண்டைக்கூட மடிக்கவில்லை.

பிப்ரவரி 16

இன்று வேண்டுமென்றே கவிழ்த்தோம். இவர் எண்பத்தொரு கிலோ. ஒரே சாய்வில் நிமிர்ந்துவிட்டது. பை வீட்டில், கொடியில் தொங்குகிறது.